எம்.பி.யின் படிக் கணக்கைக் கேட்கப் போகிறீர்களா? இங்கெல்லாம் தடுப்பார்கள்

போகாத விமானப் பயணத்துக்குப் போலி டிக்கெட்டும் போலி போர்டிங் பாஸும் காட்டிப் பணம் வாங்கிய வழக்கில், மாநிலங்களவை முன்னாள் உறுப்பினர் அனில் குமார் சஹானிக்கு 2022-ல் மூன்றாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதை விசாரித்தது சிபிஐ. ஆனால் அந்த மாதிரிக் காகிதங்களைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கட்டணம் 10 ரூபாய்தான்; காரணமும் சொல்ல வேண்டாம். கேட்டவர்களை அலைக்கழித்துச் சலிக்க வைப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எம்.பி. அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. சம்பளம், பயணப்படி, தொகுதிப் படி எல்லாம் மக்களவை உறுப்பினர் என்றால் மக்களவைச் செயலகத்தில், மாநிலங்களவை என்றால் அதன் செயலகத்தில். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி வேறு சமாச்சாரம். அந்தக் கோப்பு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கும். இரண்டையும் ஒரே மனுவில் கலக்காதீர்கள். "இது எங்களுடையதல்ல" என்று மனுவைத் திருப்பி அனுப்பினால் அது தவறு. பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். இது தெரியாமல் அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பழகியவர்கள் டெல்லிக்கும் அதையே ஒட்டிவிடுகிறார்கள். அங்கே அது செல்லாது, போஸ்டல் ஆர்டர் வாங்குங்கள்.

அப்புறம், கேள்வி. "ஏன் இவ்வளவு செலவு?" என்று கேட்டால் பதில் வராது, விளக்கம் சொல்ல அவர்களுக்குக் கடமையில்லை. தொகுதிப் படி மாதம் 87,000 ரூபாய் மொத்தமாகத் தரப்படுவது. அதற்கு பில் கேட்டால் "ஆவணம் இல்லை" என்பார்கள், அது உண்மையும்கூட. பில்லே இல்லாமல் இவ்வளவு பொதுப்பணம் போவது எனக்கு ஒப்பவில்லை, ஆனால் விதி அப்படி. காகிதம் சிக்குவது பயணப்படியில்தான். இப்படி எழுதுங்கள்: "இன்னார் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை அளித்த பயணப்படி கோரிக்கைகள், இணைத்த போர்டிங் பாஸ்கள், அனுமதித்த தொகைக்கான உத்தரவுகள் ஆகியவற்றின் நகல்."

பெரிய தடை பிரிவு 8(1)(ஜே): "தனிநபர் தகவல்" என்று சொல்லி மறுக்க இடம் தருவது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரி முன்பு அங்கே இருந்தது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை நீக்கிவிட்டது. பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். கைபேசி எண், வங்கிக் கணக்கு எண்ணை மறைத்துவிட்டு மீதியைத் தரும்படி பிரிவு 10-ஐயும் சேர்த்து எழுதுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால் மறுத்ததாகவே கணக்கு. "இன்னும் பார்க்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லையா, 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். பதில் கெடு தாண்டி வந்தால் நகலுக்குப் பணம் கேட்கக் கூடாது, பிரிவு 7(6). மனுவை ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒப்புகையில் விழும் தேதிதான் கெடுவுக்குச் சாட்சி.