கேலிப்ரேஷன்: அளவுத்திருத்தமா, அளவொப்பீடா?

கேலிப்ரேஷன் என்பதை அளவுத்திருத்தம் என்றே பரவலாக எழுதுகிறோம். ஆனால் இதில் முதல் வேலை திருத்துவது அல்ல. அளவு தெரிந்த ஒரு பொருளைக் கருவியிடம் கொடுத்து, அது என்ன காட்டுகிறது என்று ஒப்பிடுவதுதான் கேலிப்ரேஷன். வித்தியாசத்தைப் பார்த்துக் கருவியைச் சரிசெய்வது அப்புறம் வரும் தனி வேலை.

இது கேலிபர் என்பதிலிருந்து வந்த சொல். அதற்குத் துப்பாக்கிக் குழாயின் உள்விட்டம் என்று பொருள். பிரெஞ்சு, இத்தாலியம் வழியே பின்னோக்கிப் போனால், வார்ப்பு அச்சைக் குறிக்கும் காலிப் என்ற அரபுச் சொல்லில் போய் நிற்கும். அரபுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். அங்கே அது செருப்புத் தைப்பவரின் கால் அச்சு; பிரித்தால் மரம், கால். நெல் அளந்த நம் மரக்காலோடு இதற்கு உறவில்லை, ஆனாலும் அழகான தற்செயல்.

காற்றிலுள்ள நுண்ணளவு வாயுக்களை அளப்பவர்களுக்கு இந்தச் சொல்தான் உயிர்நாடி. ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சத்தில் சுமார் 313 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதை அளக்கும் அகச்சிவப்புக் கருவிக்குத் தானாக எண் தெரியாது. அது தருவது வெறும் சமிக்ஞை. அளவு தெரிந்த காற்று அடைத்த சிலிண்டரை அவ்வப்போது திறந்துவிட்டுத்தான் அதற்குப் பொருள் கொடுக்கிறார்கள். அந்தச் சிலிண்டரின் அளவு? அதற்கும் மேலே இன்னொரு சிலிண்டர். இந்தச் சங்கிலியின் உச்சி, கொலராடோ மாநிலம் போல்டரில் உள்ள நோவா (அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பு) ஆய்வகம். அங்கே முதன்மைச் சிலிண்டர்களின் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறைய வைத்துப் பிரித்து, அழுத்தம், வெப்பநிலை, கன அளவு மூன்றையும் கொண்டு கணக்கிடுகிறார்கள்.

அந்த உச்சியிலேயே ஒரு பிழை தெரிந்தது. அளக்கும்போது அங்கிருந்த கருவியின் ரப்பர் வளையங்கள் வாயுவைச் சிறிதளவு உறிஞ்சிக்கொண்டிருந்தன. அதையும் கணக்கில் சேர்த்து, 2021-இல் எக்ஸ்2019 என்ற புதிய அளவுகோலுக்கு மாறினார்கள். 400 பங்கு அளவில் வித்தியாசம் சுமார் 0.18 பங்குதான். ஆனால் வட அரைக்கோள நிலையங்களின் அளவீடுகள் ஒன்றோடொன்று 0.1 பங்குக்குள் பொருந்த வேண்டும் என்பதே உலக வானிலை அமைப்பின் இலக்கு. ஒப்பீட்டுச் சங்கிலி முழுவதும் பதிவில் இருந்ததால், பழைய எண்களையும் புதிய அளவுகோலில் மறுபடி கணக்கிட முடிந்தது. நிலையங்களில் இருந்த கருவி எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இந்த வேலைக்கு அளவொப்பீடு என்பதே சரி என்று நினைக்கிறேன். திருகைத் திருப்பி முள்ளை நேராக்கும் வேலைக்கு மட்டும் அளவுத்திருத்தம் இருக்கட்டும்.