லியேஜ் வழியாகச் சரக்கு அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

ஏர்வே பில்லில் (விமானச் சரக்குச் சீட்டில்) சேருமிடக் கட்டத்தில் 'எல்ஜிஜி' என்ற விமான நிலையக் குறியீடு இருப்பதைப் பார்த்து, "ஆம்ஸ்டர்டாம் என்றுதானே பேசினோம்?" என்று பதறுகிறவர்கள் உண்டு. பதற ஒன்றுமில்லை. அது பெல்ஜியத்தின் வாலோனியா பகுதியில், லியேஜ் நகருக்கு வெளியே பியர்செட்டில் இருக்கும் விமான நிலையம். பயணிகள் கொஞ்சம்தான், சரக்குதான் அதன் பிழைப்பே. 1998இல் டிஎன்டி என்ற கூரியர் நிறுவனம் தன் ஐரோப்பிய மையத்தை இங்கே அமைத்தது; 2016இல் அந்த டிஎன்டியை ஃபெடெக்ஸ் வாங்கியது. 2021இல் அலிபாபா குழுமத்தின் சரக்கு நிறுவனமான சைனியாவ்வும் இங்கே கிடங்கு திறந்தது. ஓடுபாதை 3,700 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இரவு பகல் பாராமல் விமானங்கள் இறங்கும். அந்த இரைச்சலுக்காகவே, மிக மோசமாகப் பாதிக்கப்படும் வீடுகளை வாலோனியா அரசு விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு.

ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், பிராங்பர்ட் மூன்றுமே இங்கிருந்து சில மணி நேர லாரிப் பயணம். நைரோபியிலிருந்து வரும் ரோஜாக்கள் லியேஜில் இறங்கி, நெதர்லாந்தின் ஆல்ஸ்மேர் ஏலச் சந்தைக்கு லாரியில் போவது அன்றாடக் காட்சி. ஒரு வேடிக்கை: விமான நிறுவனத்துக்காக ஓடும் அந்த லாரிக்கும் விமானத்துக்குப் போலவே எண் இருக்கும். டிராக்கிங்கில் 'புறப்பட்டது' என்று வந்தால் அது வானத்தில்தான் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

கஸ்டம்ஸை எங்கே முடிப்பது என்பதை முன்பே தீர்மானியுங்கள். லியேஜிலேயே வரி கட்டி எடுத்தால் சரக்கு அதன்பிறகு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் தடையின்றிப் போகும். வேறு ஊரில் முடிப்பதானால், வரி கட்டாத சரக்கை அந்த ஊர்க் கஸ்டம்ஸ் வரை கொண்டுபோக விடும் டி1 என்ற டிரான்சிட் ஆவணத்தின் கீழ்தான் லாரி கிளம்ப வேண்டும். பலர் கோட்டை விடுவது இதில்தான்: சரக்கு வாங்குபவரின் கிடங்குக்கு நேரே போய்ச் சேர்ந்துவிடும், டி1 மட்டும் சேருமிடக் கஸ்டம்ஸில் முடித்து வைக்கப்படாமல் கிடக்கும். பிறகு வரிக் கேள்வி டி1 எடுத்தவர் தலையில் விழும். இறக்குவதற்கு முன் டி1 முடிந்ததா என்று கேளுங்கள்.

லியேஜ் சரக்கு தாமதமாவதற்கான காரணங்கள் பல, புறப்படும் ஊரிலேயே தொடங்கிவிடும். முதல் காரணம் பொருள் விவரம். 2023 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வரும் எல்லா விமானச் சரக்குக்கும், விமானத்தில் ஏற்றுவதற்கு முன்பே ஐசிஎஸ்2 என்ற ஐரோப்பியக் கஸ்டம்ஸின் முன்னறிவிப்பு முறையில் விவரம் போய்விட வேண்டும். 'கார்மெண்ட்ஸ்', 'பார்ட்ஸ்', 'கிஃப்ட்' போன்ற பொத்தாம்பொதுச் சொற்கள் அங்கே செல்லாது. 'ஆண்கள் டி-சர்ட், பருத்தி, பின்னல் துணி' என்று எழுதி, 6109.10 என்ற ஆறு இலக்க எச்எஸ் எண்ணையும் (பொருளின் வகையைச் சொல்லும் சர்வதேச எண்), வாங்குபவரின் இஓஆர்ஐ எண்ணையும் (ஐரோப்பியக் கஸ்டம்ஸ் பதிவு எண்) சேர்த்துக் கொடுங்கள். விவரம் போதாவிட்டால் கேள்வி திரும்பி வரும். பதில் போகும் வரை சரக்கு ஏறாது. 'ஏற்றாதே' என்றே உத்தரவு வந்த சரக்கை யார் சிபாரிசு செய்தாலும் ஏற்ற மாட்டார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. 40 அட்டைப்பெட்டிகளை இரண்டு மரத்தட்டில் அடுக்கி பிளாஸ்டிக் சுற்றி அனுப்புகிறீர்கள்; ஏர்வே பில்லில் 40 என்று மட்டும் இருக்கிறது. லியேஜ் கிடங்கில் பிரித்து எண்ணுகிறவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு. முப்பத்தெட்டு குறைவு என்று பதிவாகும். அதைச் சரிசெய்வதற்குள் லாரி போய்விடும். '2 தட்டு, உள்ளே 40 பெட்டி' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.

உயரமும் முக்கியம். விமான பேலட் என்பது 318 × 244 செ.மீ. அலுமினியத் தகடு, அதன்மேல் சரக்கை அடுக்கி வலை போட்டு இழுத்துக் கட்டுவார்கள். 747, 777 சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் ஏறக்குறைய 3 மீட்டர் வரை அடுக்கலாம். கீழ்த்தளத்தில் 160 செ.மீ. தான். 165 செ.மீ. பெட்டி சரக்கு விமானத்தில் சுகமாகப் போகும். அந்த விமானம் ரத்தாகிவிட்டால் பயணிகள் விமானத்தின் வயிற்றில் நுழையாது. ஐந்து செ.மீ. குறைக்க முடியுமானால் பேக்கிங் செய்யும்போதே குறைத்துவிடுங்கள். தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிக்கும் (ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் யுஎன் 3480) இதே கதி: சரக்கு விமானம் மட்டுமே, சார்ஜ் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது.

மரப் பெட்டியில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும்; மரத்தோடு பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி அது. பொதுவாக, மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கு அந்த முத்திரை அடையாளம். ஓரத்தில் ஒட்டுப்போட்ட புதுக் கட்டைக்கும் முத்திரை வேண்டும். ஆணியடிக்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பூ அனுப்புகிறவர்கள் பெட்டியின் காற்றுத் துளைகளைக் கவனியுங்கள். பறித்த பூவும் மூச்சுவிடும், சூட்டைக் கக்கும். பேலட்டை மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் பிளாஸ்டிக்கால் மூடினால் நடுப்பெட்டிகள் வெந்துபோகும். மேலே மட்டும் போர்த்துங்கள். பூ, காய், விலங்கு ஆகியவற்றுக்கு டிரேசஸ் என்ற ஐரோப்பிய ஒன்றிய இணையதளத்தில் ஒரு வேலை நாள் முன்னதாகவே அறிவிப்பு போய்விட வேண்டும். லியேஜில் குதிரைகளுக்கென்றே 55 கொட்டடி கொண்ட விடுதி உண்டு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு 36 குதிரைகள் இங்கிருந்துதான் துபாய் வழியாகப் பறந்தன. அவற்றுக்கும் காகிதம் சரியாக இருந்தால்தான் பயணம்.

கடைசியாக, சரக்கு கைக்கு வந்ததும் கையெழுத்துப் போடும் முன் பெட்டிகளைச் சுற்றிப் பாருங்கள். நசுங்கல், ஈரம், கிழிசல் எது இருந்தாலும் டெலிவரி சீட்டிலேயே எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 14 நாளுக்குள், தாமதத்துக்கு 21 நாளுக்குள் எழுத்துமூலம் புகார் போக வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் விமான நிறுவனத்தின் பொறுப்பு கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரைதான். விலையுயர்ந்த சரக்குக்கு அது எந்த மூலைக்கும் போதாது, தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள்.