மண்வள அட்டையில் குரோமியம் இருக்காது

"சார், அட்டையில எல்லாம் சரின்னுதான் போட்டிருக்கு. அப்புறம் ஏன் கீழ மூலையில மட்டும் பயிர் நிக்க மாட்டேங்குது?"

ராணிப்பேட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் கேட்டார். மண் பரிசோதனை செய்து அரசு தரும் மண்வள அட்டையில் இருப்பவை 12 விவரங்கள்: கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள். என்ன உரம் போடலாம் என்று அது சொல்லும். குரோமியம், ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களை அதற்காகப் பார்ப்பதே இல்லை.

அவர் தகர வாளியில் அள்ளி, உரச் சாக்கில் மண் கொண்டுவந்திருந்தார். அதை நான் சோதிக்கவில்லை. வாளியின் பூச்சிலிருந்து துத்தநாகம் சேரும். பாஸ்பேட் உரத்தூளில் காட்மியம் இருக்கலாம். எவர்சில்வர் கரண்டியும் கூடாது, அதிலேயே குரோமியம் உண்டு. மண்வெட்டியால் குழி வெட்டுங்கள். இரும்பு பட்ட பக்கத்தை மூங்கில் பத்தையால் சுரண்டித் தள்ளிவிட்டு, உள் மண்ணை 15 செ.மீ. ஆழம்வரை பிளாஸ்டிக் வாளியில் எடுங்கள். உரப் பரிந்துரைக்குப் பல இடத்து மண்ணைக் கலப்போம். இங்கே கெட்ட மூலையை நல்ல மண்ணோடு கலந்தால் நஞ்சு கணக்கில் மறைந்துவிடும். தனிப் பையில் கட்டுங்கள். பக்கத்தில் உழாத, கழிவு படாத அதே வகை மண்ணும் ஒரு பை வேண்டும். ஒப்பிட அது இல்லையென்றால் வரும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

குரோமியத்தில் இன்னொரு சிக்கல், அது மண்ணில் இரண்டு வடிவங்களில் இருக்கும். தோல் பதனிடும் உப்பில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். அது பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் கொண்டது தண்ணீரோடு ஓடும், புற்றுநோய் தரும். 1990-களில் மூடப்பட்ட ராணிப்பேட்டை குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மஞ்சள் நீராகக் கசிந்தது இதுதான். வழக்கம்போல அமிலத்தில் மண்ணைக் கரைத்தால் ஆறு மூன்றாக மாறிவிடும். மொத்த அளவு மட்டுமே கிடைக்கும். ஆறு இணைதிறனைக் காரக் கரைசலில் தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கான மண்ணைக் காயவைக்காமல் ஐஸ் பெட்டியில் கொண்டுவர வேண்டும். ஆய்வகத்தில் கொடுக்கும்போதே மொத்தக் குரோமியம், ஆறு இணைதிறன் குரோமியம் இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்.

அடுத்த முறை அவர் நான்கு பைகளோடு வந்தார், கெட்ட மூலையை ஒட்டிய கிணற்றின் தண்ணீரும் ஒரு பாட்டிலில். முதலில் தண்ணீரைத்தான் சோதனைக்கு அனுப்பினேன். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அவர் வீட்டில் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். முடிவு வரும்வரை குழந்தைகளுக்கு வேறு தண்ணீர் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.