ஒன்பதாவது கேள்வியைக் கேட்க விடுங்கள்

"அதை மட்டும் அவர்கிட்ட கேக்காதீங்க மேடம், இல்லாத நினைப்பு வந்துரும்." ராமநாதபுரம் கடலோரத்து ஆஸ்பத்திரி வார்டுகளில் கேள்வித்தாளோடு கட்டில் கட்டிலாகப் போகிற என்னைப் போன்ற மனநல சமூகப் பணியாளர்கள் ஓயாமல் வாங்கிக்கட்டிக்கொள்கிற வாக்கியம் இது. 'அதை' என்பது அந்தத் தாளின் ஒன்பதாவது கேள்வி, தற்கொலை எண்ணம் வந்ததா என்று கேட்பது. சொல்பவர் அண்ணனாக இருப்பார், மனைவியாக இருப்பார், துபாயிலிருந்து வீடியோ காலில் பேசுகிற மகனாகக்கூட இருப்பார். எல்லோரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் இனி வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்கிற நிலைக்கு வந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

கடைசியாக நடந்ததைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியக்கூடாதென்று சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர், நாற்பதைத் தொடாத வயது, வலை இழுக்கும் விஞ்சில் கை மாட்டி விரல்கள் போய்விட்டன. நீண்ட நாள் வார்டில் இருக்கும் நோயாளிகளுக்கும் அவர்களோடு தங்கியிருப்பவர்களுக்கும் மனச்சோர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வு அது. சம்மதப் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட்டார், இடது கையால். ஆனால் பதில் முழுக்க மனைவிதான் சொன்னார். தூக்கம்? "நல்லா தூங்குறாரு." சாப்பாடு? "அதெல்லாம் குறையில்லை." நான் அவரைப் பார்த்துக் கேட்கிறேன், அவர் ஜன்னலைப் பார்க்கிறார், பதில் பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்பதாவது கேள்விக்கு வந்ததும் மச்சான் எழுந்து தாளின் மேல் கையை வைத்துவிட்டார். அவர் சொன்னதுதான் மேலே இருக்கும் வாக்கியம். ஆய்வில் பங்கேற்க மறுப்பது அவர்கள் உரிமை என்பதால் நான் விலக வேண்டியதாயிற்று. டியூட்டி டாக்டரிடம் சொன்னேன், மனநலப் பிரிவில் காட்டச் சொல்லி எழுதியும் கொடுத்தார், வீட்டார் கூட்டிப்போகவில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை, 61 நாள். அது முடிந்து எல்லாப் படகும் கடலுக்குப் போன வாரம், அவர் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார். பிழைத்துக்கொண்டார். உட்கார்ந்து பேச முடிந்தபோது அவர் சொன்னது, வார்டில் படுத்திருந்த போதே அந்த நினைப்பு இருந்தது, சொன்னால் வீட்டில் அழுவார்களே என்று சொல்லவில்லை.

அந்தத் தாளில் அப்படி என்னதான் இருக்கிறது? பி.எச்.கியூ-9 என்று பெயர். ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்ததா, தூக்கம் கெட்டதா, களைப்பா, பசி போனதா, தன்னைப் பற்றியே மட்டமாக நினைத்தீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர் பார்க்க வேண்டும் என்று பொருள், "பைத்தியம்" என்று பொருள் இல்லை. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைத்தானே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. இதை மட்டும்தான் வீட்டார் கேட்க விடமாட்டேன் என்கிறார்கள்.

சர்க்கரை டெஸ்ட் எடுத்ததால் சர்க்கரை வந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா? இதில் மட்டும் ஏன் அப்படி நினைக்கிறோம் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. தற்கொலை எண்ணம் என்பது வெளியாள் ஒருவர் வந்து வாயால் சொல்லி உள்ளே போடுகிற விஷயம் இல்லை. கை போய், தொழில் போய், வட்டிக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்க, ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிற மனுஷனுக்கு, அந்த எண்ணத்தை அறிமுகப்படுத்த நான் தேவையில்லை. இது என் அபிப்பிராயம் மட்டும் இல்லை, சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டு, மறு பிரிவிடம் கேட்காமல் விட்டு, இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் விசாரித்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. கேட்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதலாக எந்த எண்ணமும் வரவில்லை, மனக் கலக்கமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளில், கேட்கப்பட்டவர்கள் கேட்கப்படாதவர்களைவிடக் கொஞ்சம் லேசாகவே தெரிந்தார்கள். அதற்குப் பிறகு பெரியவர்களிடமும் நோயாளிகளிடமும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதே பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. வார்டில் நான் பார்ப்பதும் இதுதான். நேரடியாகக் கேட்டால் பாதிப் பேர் "சேச்சே, அதெல்லாம் இல்லை" என்று சிரிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள், ஒன்றிரண்டு பேர் அழுவார்கள், அழுது முடித்த பிறகுதான் பேசவே ஆரம்பிப்பார்கள். கேட்டதால் கெட்டுப்போனவர் என்று ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கேட்காமல் விட்டதால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

சுற்றி வளைத்துக் கேட்பதிலும் புண்ணியம் இல்லை. "தப்பான எண்ணம் எதுவும் இல்லையே?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டுக் கேட்கிறீர்கள்.

பயம் வேறு எங்கோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம், கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ என்றால் வெளிநாட்டுக்குப் பயணம் போகிற பையனுக்கு விசா வரவேண்டும், இந்த நேரத்தில் மனசு சரியில்லை என்று எங்கேயாவது பதிவாகிவிட்டால்? ஆய்வுத்தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். அது உங்கள் கேஸ் ஷீட்டோடு போகாது, காப்பீட்டு அலுவலகத்துக்கும் போகாது. பிறகு போலீஸ் பயம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, வேறு மாதிரி நிரூபிக்கப்படாத வரை, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், அவர் மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1-லிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு நேரான பிரிவே கிடையாது, அரசு ஊழியரைப் பணியவைக்க அப்படிச் செய்தால் மட்டும் தனிக் குற்றம். எம்.எல்.சி., அதாவது மருத்துவ-சட்டப் பதிவு, போடுவார்கள், அது ஆஸ்பத்திரி நடைமுறை. அதற்குப் பயந்து "தண்ணின்னு நெனச்சுத் தவறிக் குடிச்சிட்டாரு" என்று எழுதவைக்கிறீர்களே, அப்புறம் மனநல டாக்டரிடம் அனுப்ப எந்தக் காரணமும் இல்லாமல், வயிற்றைச் சுத்தம் செய்து அதே வீட்டுக்கு, அதே கடனுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

இந்தக் கரையில் ஆராய்ச்சி என்று சொன்னாலே முகம் சுருங்குவதற்கு நியாயமான காரணமும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அதன் பிறகு கேமராவோடும் கேள்வித்தாளோடும் எத்தனையோ பேர் வந்தார்கள், எழுதிக்கொண்டார்கள், போனார்கள். ஏர்வாடி தர்காவிலேயே டாக்டர் உட்கார்ந்து, துவாவும் நடக்கட்டும் மருந்தும் நடக்கட்டும் என்று சிகிச்சை தரும் ஏற்பாடு வந்ததுதான் உருப்படியான விஷயம். மற்றபடி "எங்களைப் பத்தி எழுதிட்டுப் போய் நீங்க பட்டம் வாங்குவீங்க, எங்களுக்கு என்ன?" என்று ஒரு அம்மா கேட்டால் அவர் கேட்பது சரிதான்.

அதனால் அடுத்த திட்டு என் பக்கத்து ஆட்களுக்கு. எம்.டி. தீசிஸ், நர்சிங் பிராஜெக்ட், எம்.எஸ்.டபிள்யூ. பிராஜெக்ட் என்று தாளைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு வரும் பிள்ளைகளே, ஒன்பதாவது கேள்விக்கு 0 அல்லாத பதில் வந்தால் அந்த நிமிடமே உங்கள் ஆராய்ச்சியை மூடிவைத்துவிட்டுப் பேச வேண்டும், அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது என்பதை முதல் தாளைக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் கழித்து எக்செல் ஷீட்டில் ஏற்றும்போது கடைசிக் கட்டத்தில் 3 என்று பார்த்து, "ஐயோ, இவர் யார்?" என்று தேடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர் டிஸ்சார்ஜ் ஆகி எங்கேயோ போயிருப்பார், தாளில் பெயரும் இருக்காது. எட்டுக் கேள்வி மட்டும் உள்ள வடிவமும் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, மனநோய் உள்ளவரிடம் வெறும் பேட்டி எடுப்பதாக இருந்தாலும் அவருடைய சம்மதம் வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 99-ஆம் பிரிவு சொல்கிறது. அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பது சம்மதம் ஆகாது. ரவுண்ட்ஸ் நேரத்தில் பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்கும்போது "கையெழுத்துப் போடுங்க" என்று நீட்டுவதும் ஆகாது, முடியாது என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

இவ்வளவு தொல்லைக்கு நடுவில் வார்டிலேயே போய் ஏன் கேட்க வேண்டும், மனநல ஆஸ்பத்திரியில் கேட்டால் போதாதா என்றால், போதாது. பெங்களூரு தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தார்கள். மனநல டாக்டரை வாழ்நாளில் பார்க்கப்போகாத அந்த ஆள் சர்க்கரைப் புண்ணுக்கு வருவார், எலும்பு முறிவுக்கு வருவார், டயாலிசிஸுக்கு வாரம் தவறாமல் வருவார். நாங்கள் அவரைப் பிடிக்க முடிகிற இடம் அந்தக் கட்டில் மட்டும்தான். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதை வெளிநோயாளிப் பிரிவிலும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

கூடவே இருக்கிற குடும்பத்தைப் பற்றி. நோயாளியோடு குடும்பமும் தங்குவது நம் ஊரின் பலம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், இடமில்லாமல் வளாகத்தில் கூடாரம் போட்டுக் குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கவைத்தார். 1957-ல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையமும் உறவினர் கூடத் தங்கும் முறையில்தான் வளர்ந்தது. ஆக்ராவையும் ஒரு மையமாகக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் ஒன்பது நாடுகளில் நடத்திய மனச்சிதைவு ஆய்வில், நம்மைப் போன்ற நாடுகளின் நோயாளிகள் பணக்கார நாட்டு நோயாளிகளைவிட நன்றாகத் தேறியதாகத் தெரிந்தபோது, குடும்பம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அதே குடும்பம் கேள்வித்தாள் வந்தால் மட்டும் கட்டிலைச் சுற்றிச் சுவர் மாதிரி நிற்கிறது. ஐந்து நிமிடம், டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றால், "எங்களுக்குத் தெரியாத ரகசியமா?" என்கிறார்கள். ஆமாம், உங்களிடம் சொல்ல முடியாததுதான். உங்கள் மேல் பாசம் இருப்பதால்தான் சொல்ல முடியவில்லை.

அந்தக் குடும்பத்தின் நிலைமையையும் கேட்க ஆளில்லை. மாமியார் பக்கவாதத்தில் படுத்திருக்க, வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, புருஷன் இலங்கைச் சிறையில் இருக்க, தன் பிரஷர் மாத்திரை தீர்ந்து எத்தனை நாளாயிற்று என்பதே நினைவில்லாத பெண்கள் உண்டு. பராமரிப்பவரின் பாரத்தை அளக்கும் 22 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று இருக்கிறது, ஸாரிட் அளவுகோல் என்போம். அதைக் கொடுத்தால், "எனக்கு என்னம்மா, படுத்திருக்கிறவங்களைக் கேளு" என்பார்கள். தயவுசெய்து அதற்கும் பதில் சொல்லுங்கள். நீங்கள் விழுந்தால் அந்த வீட்டில் அடுத்த ஆள் கிடையாது.

சரி, வீட்டார் செய்ய வேண்டியது. கேட்கிறவர் தனியாகக் கேட்கட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள், பதிலைத் திருத்தாதீர்கள், பிறகு வந்து "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே?" என்று குடையாதீர்கள். ஆம் என்று அவர் சொன்னதாகத் தெரிந்தால் "புள்ளைங்க மூஞ்சியைப் பாக்க மாட்டியா?" என்று அழாதீர்கள், கோழை என்று திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் வாங்கினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டார், அவ்வளவுதான். அன்றிரவு தனியாக விடாதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்து, மொத்தமாக வாங்கி வைத்த மாத்திரைகள், எல்லாவற்றையும் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், பூட்டிவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். நேர்த்திக்கடன் இருந்தால் செய்யுங்கள், தர்காவுக்கோ சர்ச்சுக்கோ கோயிலுக்கோ போங்கள், ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நோயாளிதான் கூப்பிட வேண்டும் என்றில்லை, நீங்களும் கூப்பிடலாம்.

ஆராய்ச்சி என்று யாராவது வந்தால், எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்தது என்று கேளுங்கள். தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும், அதில் ஆய்வாளரின் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களிடம் தர வேண்டும். கைநாட்டு என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். பாதியில் வேண்டாம் என்று எழுந்துவிடலாம், சிகிச்சையில் ஒரு குறையும் வராது. இதில் ஏதாவது இல்லை என்றால் வார்டு சிஸ்டரிடம் சொல்லி அந்த ஆளை வெளியே அனுப்புங்கள், அது நானாக இருந்தாலும். எல்லாம் இருந்தால், கேட்க விடுங்கள்.