டயட்டீசியன்: உணவுமுறையாளர்

மட்டக்களப்புக் கல்லடியில் என் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. நியூட்ரிஷனிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லி, இரண்டு டின் சத்துமாவை விற்றுவிட்டுப் போனார். பிறகு கிளினிக்கில் பார்த்த டயட்டீசியன் சோற்றின் அளவைக் குறைத்து, கீரையையும் மீனையும் கூட்டச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே படிப்புத்தானே மனே?" என்று பெரியம்மா கேட்டார். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

'டயட்' கிரேக்கத்து 'டியாய்ட்டா'விலிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கிரேக்கத்தில் அதன் பொருள் வாழும் முறை. உணவு அதில் ஒரு பங்கு. நம் 'பத்தியம்' என்ற சொல்லின் பிறப்பும் இதற்கு நெருக்கமானது. அது வடமொழிப் 'பத்ய'. வழிக்கு ஒத்தது, உடம்புக்கு ஏற்றது என்று பொருள். ஆனால் பேச்சில் அந்தச் சொல் சுருங்கிவிட்டது. நாட்டு வைத்தியரான பரியாரியார் பத்தியம் என்றாலே எதை விலக்குவது என்றுதான் காது கேட்கிறது. டயட்டீசியனோ விலக்கச் சொல்பவர் மட்டுமல்லர். நோயையும் மருந்தையும் வீட்டுச் சமையலையும் பார்த்து, எதை எவ்வளவு உண்பது என்று வகுப்பவர். ஆகவே 'உணவுமுறையாளர்' என்பதே பொருந்தும். கிரேக்கச் சொல்லில் இருந்த 'முறை'யும் அதில் தங்கிவிடுகிறது.

'நியூட்ரிஷன்' ஊட்டி வளர்த்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் இலங்கைப் பாடநூல்களில் இது போசணை. வடமொழி வேர்தான், ஆனாலும் தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அரசு கொடுக்கும், 1973இல் தொடங்கிய திரிபோஷா என்ற சத்துமாப் பைக்கற்றின் பெயரில் அதே வேரை எங்கள் தாய்மார் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஆகவே நியூட்ரிஷனிஸ்ட் 'போசணையாளர்'. தனித்தமிழ் வேண்டுவோர் 'ஊட்டவியலாளர்' எனலாம். உண் என்பதன் பிறவினைதான் ஊட்டு.

இரண்டு பெயரையும் 'ஊட்டச்சத்து நிபுணர்' என்று ஒன்றாக்குவதை நான் ஏற்கமாட்டேன். சட்டம் இவற்றைப் பிரித்துப் பார்க்கும் நாடுகள் உண்டு. பிரித்தானியாவில் 'டயட்டீசியன்' சட்டக் காப்புள்ள பட்டம், அதாவது தொழிற்பெயர். சுகாதார, பராமரிப்புத் தொழில்களுக்கான சபையில் (HCPC) பதியாமல் அதைப் போட்டுக்கொள்வது குற்றம். 'நியூட்ரிஷனிஸ்ட்' என்பதற்கு அந்தக் காப்பு இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. கலிபோர்னியா பட்டத்தைக் காக்கிறது. புளோரிடா இன்னும் இறுக்கம்: 2020 வரை காசு வாங்கித் தனியாளுக்கு உணவு ஆலோசனை சொல்லவே, சில விலக்குகள் தவிர, உரிமம் வேண்டியிருந்தது; இப்போது நோய்க்காக மருத்துவரின் பராமரிப்பில் இருப்பவருக்குச் சொல்லத்தான் அது வேண்டும். முன்னதைப் 'பட்டக் காப்பு' என்றும் பின்னதைத் 'தொழில் உரிமம்' என்றும் தமிழில் பிரித்து வழங்கலாம்.

பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் 'உணவுமுறையாளர் சொன்னது' என்று தலைப்பிட்டு, சோற்றின் அளவை எழுதிக்கொடுத்திருக்கிறேன்.