பக்கத்து சர்வர் உண்மையிலேயே விழுந்துவிட்டதா?

கிளஸ்டரில், அதாவது சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டத்தில், கணக்குப் போடும் நோடு (கணினி) ஒன்று விழுந்தால் அதில் ஓடிய வேலை மட்டும்தான் போகும். எல்லா நோடுகளும் மவுண்ட் செய்திருக்கும் (தம் சொந்த டிஸ்க் போல இணைத்திருக்கும்) ஃபைல் சர்வர் விழுந்தால் கதை வேறு. ஃபைல் பட்டியல் கேட்டு 'எல்எஸ்' அடித்தால் பதில் வராது. ஹோம் டைரக்டரியும் அங்கேயே இருப்பதால் பலருக்கு லாகினே ஆகாது.

அதற்காகத்தான் சர்வர்களை ஜோடியாக வைக்கிறோம். இரண்டையும் ஒரே டிஸ்க் பெட்டியோடு இணைத்துவிட்டால், ஒன்று விழும்போது மற்றொன்று ஃபைல் சிஸ்டத்தையும் ஐபி முகவரியையும் எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் கோரோசிங்க், பேஸ்மேக்கர் என்ற இரண்டு மென்பொருள்களும் சேர்ந்து இதைப் பார்த்துக்கொள்கின்றன. ஸ்டோரேஜ் விற்பவர்கள் இதுவரைதான் சொல்வார்கள்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். இரண்டாவது சர்வருக்குத் தெரிவதெல்லாம், முதல் சர்வரிடமிருந்து பதில் இல்லை என்பது மட்டும். மின்சாரம் போயிருக்கலாம், அல்லது நெட்வொர்க் கேபிள் மட்டும் கழன்றிருக்கலாம். கேபிள்தான் கழன்றது என்றால் முதல் சர்வர் டிஸ்க்கில் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும். எக்ஸ்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டத்தை இரண்டு சர்வர்கள் ஒரே நேரத்தில் மவுண்ட் செய்தால் தரவு சிதைந்துபோகும். டிஸ்க் கெட்டாலும் தரவைக் காக்கும் ரெய்டு இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தப்பாக எழுதியதையும் அது பத்திரமாகப் பாதுகாத்து வைக்கும்.

எனவே பொறுப்பை எடுக்கும் முன், மற்ற சர்வரின் மின்சாரத்தை வெட்டி உறுதி செய்துகொள்ள வேண்டும். இதுதான் ஃபென்சிங். தொல்லை என்று இதை அணைத்து வைத்திருக்கும் கிளஸ்டர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஃபென்சிங் வைத்தவர்களும் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் சர்வருக்குள்ளேயே இருக்கும் ஐபிஎம்ஐ என்ற தொலைக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாகத்தான் மின்சாரத்தை வெட்டுகிறோம். அந்த ஐபிஎம்ஐக்கும் அதே சர்வரிலிருந்துதான் மின்சாரம். முழு மின்சாரமும் போனால் அதுவும் சேர்ந்து போய்விடும். "அணைத்துவிட்டேன்" என்ற பதில் வராததால், நல்ல சர்வர் பொறுப்பை எடுக்காமல் காத்தே கிடக்கும். அது அப்படிக் காத்திருப்பதுதான் சரி, ஆனால் பயனர்களுக்குச் சேவை கிடைக்காது. மாற்று வழியாக, தொலைவிலிருந்து இயக்கக்கூடிய பிடியூ (சர்வர்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்றை இரண்டாம் கட்ட ஃபென்சிங்காக வையுங்கள். சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டு இணைப்பும் ஒரே சமயத்தில் அணைய வேண்டும்.

"அண்ணே, டெஸ்ட் எல்லாம் சரியா வந்துச்சே" என்பார்கள் தம்பிகள். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், ரீபூட் கொடுத்தோம் என்பார்கள். முறையாக அணையும் சர்வர் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போகும். அதில் ஃபென்சிங்குக்கு வேலையே இல்லை. பவர் கேபிள்கள் இரண்டையும் பிடுங்குங்கள். இன்னொரு நாள் நெட்வொர்க்கை மட்டும் துண்டியுங்கள். இதைச் சீனப் புத்தாண்டு விடுமுறையில் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அப்போதுதான் ஆய்வாளர்கள் நீண்ட வேலைகளை வரிசையில் போட்டுவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள்.

2023 அக்டோபர் 14ஆம் தேதி நினைவிருக்கும். சிங்கப்பூரில் ஒரு தரவு நிலையத்தில் குளிரூட்டும் அமைப்பு பழுதாகி டிபிஎஸ், சிட்டிபேங்க் வங்கிகளின் சேவைகள் முடங்கின. இரண்டு வங்கிகளுக்கும் மாற்று நிலையம் இருந்தது. அதற்கு மாறும்போதுதான் டிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் அமைப்பில் தவறும், சிட்டிபேங்குக்கு இணைப்புச் சிக்கலும் வந்தன என்று பின்னர் நாடாளுமன்றத்தில் விளக்கினார்கள். அளவு வேறு, பாடம் நம்முடையதுதான்.

இரண்டே நோடுகள் என்றால், யார் பொறுப்பெடுப்பது என்ற வாக்கெடுப்பில் பெரும்பான்மை என்பதே கிடையாது. ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்று வெட்டிவிடவும் கூடும். மூன்றாவதாக ஒரு சிறிய இயந்திரம் வாக்களிக்க இருந்தால் போதும்.

கடைசியாக, பயனர்கள் பக்கம். நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் என்எஃப்எஸ்ஸை 'ஹார்டு' முறையிலேயே மவுண்ட் செய்யுங்கள். சர்வர் திரும்பும்வரை வேலை காத்திருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். 'சாஃப்ட்' முறையில் கொஞ்ச நேரத்தில் பிழை என்று திருப்பிவிடும், அதைக் கவனிக்காத நிரல் பாதி ஃபைலோடு முடிந்துவிடும். என்எஃப்எஸ்4இல் ஃபெயில்ஓவருக்குப் (மற்ற சர்வர் பொறுப்பை எடுத்த) பின், ஃபைல்களைப் பிடித்துவைத்திருந்த பழைய லாக்குகளை (பூட்டுகளை) மீட்க, லினக்ஸ் சர்வர் வழக்கமாக 90 வினாடி வரை புதிதாக ஃபைல் திறக்க விடாது. அந்த நேரத்தில் பொறுமையிழந்து வேலையை நிறுத்திவிட வேண்டாம் என்று பயனர்களுக்கு முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுங்கள்.