ஆபட்: மடாதிபதியா, ஆதீனத் தலைவரா?

கிறிஸ்தவத் துறவு மடத்தின் தலைவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'ஆபட்' (abbot). அதைத் தமிழில் எப்படி எழுதுவது? அதன் வேர், பழைய மேற்காசிய மொழியான அரமேயத்தின் 'அப்பா'. எகிப்து, சிரியா பாலைவனத் துறவிகள் தங்கள் மூத்த குருவை அப்படி அழைத்தார்கள். அதுவே கிரேக்கம் வழியாக லத்தீனுக்கு வந்து 'அப்பாஸ்' ஆனது. ஜெர்மன் மொழியில் 'ஆப்ட்', பிரெஞ்சில் 'அபே'. தமிழ் விவிலியத்தில் 'அப்பா, பிதாவே' (ரோமர் 8:15) என்று வருவதும் இதே அரமேயச் சொல்தான். நம் 'அப்பா'வோடு ஒலி ஒத்திருப்பதால் உறவு கொண்டாட வேண்டாம். மழலை வாயில் முதலில் படியும் ஒலிகள் பல மொழிகளில் இப்படித்தான் ஒத்துப்போகும்.

ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் என்ற துறவி (நம் பழைய கத்தோலிக்க வழக்கில் ஆசீர்வாதப்பர்) மடங்களுக்காக எழுதிய 73 அதிகார ஒழுங்குநூல், மடத்தின் தலைவரைத் தந்தை என்றே பார்க்கிறது. அடிமையாக இருந்து துறவியானவனைவிட அடிமையல்லாதவனாகப் பிறந்தவனை, அந்தப் பிறப்புக்காகவே மேலாக வைக்கக் கூடாது என்று இரண்டாம் அதிகாரத்திலேயே எச்சரிக்கிறது. ஆனால் அதே நூலின் 53, 56ஆம் அதிகாரங்கள் தலைவருக்கும் விருந்தினருக்கும் தனிச் சமையலறை, தனிப் பந்தி என்று விதிக்கின்றன. வழிப்போக்கரை உபசரிக்க வைத்த அந்த ஏற்பாடு, பிற்காலத்தில் தனி மாளிகை, தனிப் பணியாளர், தனி வருவாய் என்று வளர்ந்துவிட்டது. மடத்துச் சொத்தே தலைவர் பங்கு, துறவியர் பங்கு என்று இரண்டாகப் பிரிந்தது. அன்றாட வழிபாட்டையும் ஒழுங்கையும் பெரும்பாலும் 'பிரையர்' என்ற அடுத்த நிலைத் துறவி பார்த்துக்கொண்டார்.

சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தை எடுத்துக்கொள்வோம். 934இல் தொடங்கிய இந்த மடத்தின் தலைவர் 1274 முதல் புனித ரோமப் பேரரசின் சிற்றரசராகவும் இருந்தார். அந்நாளில் உயர்குடியினர் தவிர வேறு யாரையும் இங்கே துறவியாகச் சேர்க்கவில்லை. குடும்ப நிலம் துண்டாகாமல் இருக்க இளைய மகன்களை மடத்துக்கு அனுப்பினார்கள். மடத்து வருவாயோ ஆளுக்கு இவ்வளவு என்று பங்காகப் பிரிந்தது. ஆள் குறையக் குறையப் பங்கு பெருகும். பிறகு எப்படி வாசல் திறக்கும்? 1480இல் தலைவரான கொன்ராட் ஃபான் ஹோஹென்ரெக்பெர்க் வேட்டையிலும் குதிரைகளிலும் நாட்டம் கொண்டவர். அவருடைய கடைசி ஆண்டுகளில் மடத்தில் மிஞ்சிய துறவியரை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். 1526இல் அவர் விலகிய பிறகு சங்க்ட் காலன் மடத்திலிருந்து லூட்விக் பிளாரரைக் கொண்டுவந்துதான் மடத்தை மீட்டெடுத்தார்கள்.

இதற்குப் பிறப்பை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. சங்க்ட் காலனில் 1463இல் தலைவரான உல்ரிக் ரோஷ், ரொட்டி சுடுபவரின் மகன். அவரும் 1468இல் டோகன்பர்க் நாட்டையே மடத்துக்காக விலைக்கு வாங்கி, ஆட்சியாளராகவே வாழ்ந்தார். ஆளும் தன்மை அந்தப் பதவிக்குள்ளேயே ஏறிவிட்டது.

அதனால்தான் பிற்கால இடைக்கால ஆபட்டுக்கு 'மடாதிபதி' மிகப் பொருந்துகிறது. 'அதிபதி' ஆள்பவரைக் குறிக்கும் சொல். தமிழ்க் கத்தோலிக்க நாள்காட்டிகளில் வழங்கும் 'ஆதீனத் தலைவர்' என்பதும் நல்ல சொல். திருவாவடுதுறை, தருமபுரம் என்று நிலமும் குருபரம்பரையும் சேர்ந்த அமைப்பை 'ஆதீனம்' என்றே அறிந்த நமக்கு, பொருள் உடனே விளங்கும். ஆனால் இரண்டிலும் 'தந்தை' இல்லை. தொடக்கக்காலத் துறவியரைப் பற்றி எழுதும்போது 'மடத்துத் தந்தை' என்பதே மூலத்துக்கு நெருக்கம். வடசொல் கூடாது என்பவர்கள் 'துறவியர் தலைவர்' என்று எழுதலாம். ஆளும் பொருள் அதில் சற்று மங்கும்.

தவறு நேரும் இடங்கள் சில உண்டு. திருத்தந்தை (போப்) அளித்த சிறப்புரிமையால் பல ஆபட்டுகள் ஆயருக்கு (பிஷப்) உரிய கூம்புத் தொப்பியும் மோதிரமும் அணிந்து, செங்கோலும் ஏந்தினார்கள். படத்தைப் பார்த்து 'ஆயர்' என்று எழுதிவிடுகிறார்கள். 'பீடாதிபதி' என்று எழுதினாலும் குழப்பம்தான்; இலங்கையில் அது பல்கலைக்கழகப் பதவி. 'முதல்வர்' என்றால் பிரையரோடு குழம்பும். பிரெஞ்சு 'அபே'யில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மடமே இல்லாத கத்தோலிக்கக் குருக்களுக்கும் பிரான்சில் அது மரியாதைப் பெயராகிவிட்டது. மைசூரிலும் தமிழகத்திலும் பணியாற்றிய பிரெஞ்சுக் குரு அபே துபுவா எந்த மடத்துக்கும் தலைவர் அல்லர். அவரை 'துபுவா அடிகளார்' என்று எழுதினாலே சரி.